புலிக்கு ஒரு கணக்கு, மனிதருக்கு ஒரு கணக்கு

கூடலூரில் ஆதிவாசிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அமைப்புக்கு நிதி விண்ணப்பங்களும் காலாண்டு அறிக்கைகளும் எழுதித் தருவது என் வேலை. தணிக்கையாளர் கேட்கும் ரசீதுகளைத் தேடுவது, பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்து வாங்குவது, அடுத்த ஆண்டுக்கு யாரிடம் கேட்கலாம் என்று பட்டியல் போடுவது எல்லாம் அதில் அடக்கம். இந்த வேலையில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் மலையில் நடக்கும் எதையும் ஒரே விண்ணப்பத்தில் எழுத முடிவதில்லை. யானை, புலி, சோலை, வழித்தடம் என்றால் அதற்குப் பணம் தரும் அறக்கட்டளைகள் ஒரு பக்கம். நிலம், கூலி, பள்ளி, பெண்கள் மீதான வன்முறை என்றால் அதற்கானவை இன்னொரு பக்கம். முதல் வகையினரின் படிவத்தில் 'எத்தனை ஹெக்டேர்' என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டாம் வகையினரின் படிவத்தில் 'எத்தனை பயனாளிகள்' என்று இருக்கும். ஒரே குடியிருப்பில் ஒரே வாரத்தில் நடந்ததை இரண்டாக வகிர்ந்து, காட்டை ஒரு படிவத்திலும் அங்கே வாழ்பவர்களை இன்னொரு படிவத்திலும் நிரப்பி அனுப்புகிறேன். காட்டுப் படிவத்தில் மனிதர்கள் 'அச்சுறுத்தல்' என்ற தலைப்பின்கீழ் வந்துவிடுகிறார்கள். மனிதர் படிவத்தில் யானை 'இடர்' ஆகிவிடுகிறது. இரண்டிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் படித்து முடித்தவருக்கும் எங்கள் ஊர் என்னவென்று தெரியாது.

இரண்டுக்கும் பணம் தரும் தனியார் அறக்கட்டளைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ரைக்கர் என்ற கட்டடக் கலைஞர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்கஸ் அறக்கட்டளை அப்படிப்பட்டது. மருத்துவக் கருவிகள் செய்யும் ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தை உருவாக்கிய குடும்பத்தின் வாரிசு அவர். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் பிறந்த அந்த அறக்கட்டளையின் பணம் இரண்டு திசைகளில் போகிறது. ஒன்று, தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநர்கள் ஆகியோரின் உரிமைகளுக்கான சமூக நீதிப் பணி. மற்றொன்று, கொரில்லா, சிம்பன்சி, பொனொபோ, ஒராங்குட்டான், கிப்பன் ஆகிய வாலில்லாக் குரங்குகளின் பாதுகாப்பு. 2002இல் நியூ மெக்சிகோவில் மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்று நொடித்துப்போனபோது, அங்கே கூண்டுகளில் கிடந்த 266 சிம்பன்சிகளை 'சேவ் த சிம்ப்ஸ்' என்ற அமைப்பு பொறுப்பேற்றுக்கொண்டது. அதற்குக் கைகொடுத்தது ஆர்கஸ் பணம். 2004இல் கென்யாவின் லைக்கிபியாவில் ஓல் பெஜெட்டா என்ற பெரும் மாட்டுப் பண்ணை காட்டுயிர்க் காப்பிடத்துக்காக வாங்கப்பட்டதிலும் அந்தப் பணம் இருந்தது. அங்கே மாடு வளர்ப்பு நிற்கவில்லை. காண்டாமிருகம் நடமாடும் நிலத்திலேயே மாடும் மேய்கிறது.

சிம்பன்சிக்கும் திருநங்கைக்கும் என்ன தொடர்பு என்று இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வியப்பாக இல்லை. சட்டம் யாரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையோ அவர்கள் பக்கம் நிற்பது என்று ஒருவர் முடிவெடுத்தால், கூண்டில் அடைபட்ட விலங்கும், 2018 செப்டம்பர் 6 வரை நம் நாட்டில் 377ஆம் பிரிவின்கீழ் குற்றவாளியாக நிறுத்தப்படக்கூடியவராக இருந்த மனிதரும் அவர் கண்ணில் படத்தான் செய்வார்கள். நான் யோசிப்பது வேறு. இப்படிப்பட்ட அறக்கட்டளையிலும் இரண்டு வேலைகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள்தான். குரங்குகள் ஆப்பிரிக்கக் காட்டிலும் போர்னியோவிலும் இருக்க, உரிமைப் போராட்டம் நகரத்து நீதிமன்றங்களில் நடக்க, பிரித்து வைப்பதில் பெரிய கேடு வராமல் இருக்கலாம். நீலகிரியில் அப்படிப் பிரித்தால் கேடு வருகிறது. இங்கே புலியின் நியாயமும் பணியர் பழங்குடிப் பெண்ணின் நியாயமும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கின்றன.

ஓவேலி, தேவர்சோலை, சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கங்களில் யானை தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று புரியும். அவர்களில் பலர் அடர்காட்டுக்குள் போனவர்கள் அல்லர். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க நடந்தவர், இருட்டிய பிறகு கடையிலிருந்து அரிசி வாங்கித் திரும்பியவர், வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் போனவர். பாதையில் விளக்கு கிடையாது. வீட்டில் கழிப்பறை கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்டால் பதில் காட்டில் இல்லை, நிலப் பதிவேட்டில் இருக்கிறது.

கூடலூர், பந்தலூர் நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். அந்த உரிமையை ஒழித்து, உழுபவர் அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற 1969இல் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. தோட்டக் குத்தகைகளைப் பற்றிய அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய பல்லாயிரம் ஏக்கர் நிலத்தின் நிலை இன்னும் தீர்ந்தபாடில்லை. எங்கள் ஊரில் படிக்காதவர்கூட 'செக்‌ஷன் 17' என்று சொல்வார். அந்த நிலத்தில் வீடு இருந்தால் பட்டா இல்லை. பட்டா இல்லை என்பதால் பல வீடுகளுக்கு மின் இணைப்பு பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் யானை எதிரே நிற்பது இரண்டடி தூரத்தில்தான் தெரியும். ஒருவர் இறந்த மறுநாள் சாலை மறியல் நடக்கும், அந்த யானையைப் பிடிக்கச் சொல்லிக் கோரிக்கை எழும், முதுமலையிலிருந்து கும்கிகள் லாரியில் வந்து இறங்கும். சாவுக்கு யானை கணக்குச் சொல்ல வேண்டியதாகிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் மறிப்பதில்லை.

இதை நான் ஒரு கூட்டத்தில் நேரில் பார்த்தேன். காட்டுயிர் பாதுகாப்புக்கு நிதி தரும் ஓர் அறக்கட்டளையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். எங்கள் குழுத் தலைவி, இரண்டு குடியிருப்புகளுக்குக் கழிப்பறையும், பள்ளிப் பிள்ளைகளைக் காலையிலும் மாலையிலும் ஏற்றிச்செல்ல ஜீப் வாடகையும் கேட்டார்.

"இது எங்கள் கருப்பொருளுக்குள் வராது அம்மா. சுகாதாரத்துக்கு நிதி தருகிறவர்களிடம் கேளுங்கள்" என்றார் அவர்.

"அவர்களிடம் கேட்டோம் சார். யானை நடமாடும் இடத்தில் வேலை செய்ய அனுமதிச் சிக்கல் வரும், யானைக்காக வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள்" என்றார் தலைவி.

அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்தது விழிப்புணர்வுப் பதாகைகளுக்கான தொகை.

இதற்கு நேர்மாறான ஒன்று எங்களுக்குத் தெற்கே ஆனைமலையில், வால்பாறையில் நடந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் யானை நிற்கும் இடத்தை அன்றன்று மாலை குறுஞ்செய்தியாகவும், உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் நிறுத்தங்கள் அருகே உயரக் கம்பங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால், பதிவு செய்யப்பட்ட கைபேசியிலிருந்து ஓர் அழைப்பு போதும், விளக்கு எரியும். அழைக்கிறவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள். 2015இல் அந்தப் பணிக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது, அதுவும் ஒரு தனியார் அறநிதி தருவதுதான். அங்கே செலவழிந்த பணம் யானை மீது செலவழியவில்லை. லைன் வீட்டுக்கு நடந்து போகும் பெண்ணுக்கு 'இன்று இந்தப் பாதை வேண்டாம்' என்று சொல்வதில் செலவழிந்தது. அதனால் யானையும் பிழைத்தது. இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

சீகூர் பக்கம் வந்தால் இந்தச் சங்கிலி இன்னும் நீளம். மசினகுடிக்குக் கீழே, மாயாறு ஓடும் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் எஞ்சியிருக்கும் முக்கியமான இடம் அது. 1990களில் இந்தியா முழுவதும் இந்தப் பறவைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் பிறகுதான் தெரிந்தது. மாட்டுக்கு வலி தீர்க்கப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் அரசு தடை செய்தது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிக்குக் குறைக்கப்பட்ட பிறகுதான் அந்த வழி ஓரளவு அடைபட்டது. கோவையிலிருந்து இயங்கும் அருளகம் என்ற அமைப்பினர் இதற்காக மருந்துக் கடைகளுக்கும், கால்நடை மருத்துவர்களிடமும், மாடு வைத்திருப்பவர்களிடமும் ஏறி இறங்கினார்கள். ஒரு பறவையைக் காப்பாற்றும் வேலையின் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது.

மருந்தோடு முடியவில்லை. இரண்டாவது வழி நஞ்சு. காட்டோரத்தில் நாலு மாடு வைத்துப் பிழைக்கிற ஒருவரின் பசுவைப் புலி அடித்துவிடுகிறது. இழப்பீடு உண்டு, விதி இருக்கிறது. மனு, படம், கால்நடை மருத்துவரின் சான்று, வனத்துறையின் பார்வை, பிறகு தொகை. அது வந்து சேர்வதற்குள் அவர் வட்டிக்குக் கடன் வாங்கியாகிவிட்டது. கோபத்தில் சிலர் மிச்சக் கறியில் பூச்சிமருந்தைத் தடவுகிறார்கள். திரும்ப வந்து தின்னும் புலி சாகிறது, அதன்பின் இறங்கும் பாறுகள் கூட்டமாகச் சாகின்றன. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். ஒரு பிணத்தில் இறங்கிய கூட்டம் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே, மாட்டைப் பறிகொடுத்த வீட்டுக்கு மறுநாளே ஒரு முன்பணம் கொடுத்து, அரசுத் தொகை வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் சுழல்நிதி ஒன்று இருந்தால், பாறுவுக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பை என்னால் யோசிக்க முடியவில்லை. பெரிய தொகையும் வேண்டாம். ஆனால் காட்டுயிர் அறக்கட்டளைகள் இதை 'நலத்திட்டம்' என்கின்றன, நலத்திட்ட அறக்கட்டளைகள் இதைப் 'பறவை வேலை' என்கின்றன.

சட்டங்களும் இப்படித்தான் இரண்டு வாசல் வழியாக வந்தன. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 2006இல் அதைத் திருத்திப் புலிகளுக்கென்று தேசிய ஆணையம் அமைத்தார்கள். அதே 2006இல்தான், காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதுமலை 2007 டிசம்பரில் புலிகளின் முக்கிய வாழிடமாக அறிவிக்கப்பட்டது. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. ஒரே மாதத்தில் ஒரே காட்டுக்கு இரண்டு ஆணைகள். புலிக்கான ஆணை உடனே நடந்தது. மனிதருக்கான ஆணை தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பல ஆண்டுகள் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் விலக்கிய பிறகுதான் நகர்ந்தது. அந்த இடைவெளியில் எங்கள் பக்கத்தில் மக்கள் மனத்தில் ஒன்று பதிந்துவிட்டது: புலி வந்தால் நமக்கு இடமில்லை. புலியின் மீது இவர்களுக்கு இயல்பாகப் பகை கிடையாது. காட்டுநாயக்கர்களும் குறும்பர்களும் புலியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். பகையை உண்டாக்கியது அந்த இடைவெளி.

வன உரிமைச் சட்டத்துக்கும் வெளியே நிற்பவர்கள் இங்கே உண்டு. 1964இல் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்காகவே இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன, இன்று டான்டீ என்று அறியப்படுபவை. பழங்குடி அல்லாதவர் வன உரிமை கேட்க வேண்டுமானால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1964க்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கியவர் 1930இலிருந்து இந்தக் காட்டில் இருந்ததாக எப்படிக் காட்டுவார்? ஓர் அரசு ஒப்பந்தம் அவர்களை இங்கே கொண்டுவந்தது, இன்னொரு சட்டத்தின் எண்ணிக்கை அவர்களை வெளியே நிறுத்துகிறது. நடுவில் யானையின் வழி.

முதுமலைக்குள் இருந்த பென்னை, நெல்லிக்கரை போன்ற ஊர்களிலிருந்து குடும்பங்களை வெளியே குடியமர்த்தியபோது குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2008இல் வகுத்த தொகை கொடுக்கப்பட்டது. வெளியே வர விரும்பியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. வயலும் வழக்கறிஞரும் வைத்திருந்தவர் அந்தத் தொகையைக் கொண்டு புது இடத்தில் காலூன்றினார். வங்கிக் கணக்கே புதிதாக இருந்த பணியர் குடும்பத்துக்கு அதே 10 லட்சம் வேறு பொருள் தந்தது. இடைத்தரகர்கள் நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றியதாகப் பிறகு புகார்கள் எழுந்தன, செய்திகளும் வந்தன. புலிக்குக் காலியிடம் கிடைத்ததைக் காட்டுயிர் அறிக்கைகள் எழுதின. அந்தக் குடும்பங்களோடு ஐந்தாண்டு கூடவே இருந்து பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் போதும். அது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை.

இன்னொரு சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். புலிகள் காப்பகத்தை உண்மையில் நடந்து காப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் இளைஞர்கள். காட்டுக்குள் முகாமில் தங்கி, மழையில் சுற்றி, தடம் பார்த்து, கேமரா பொருத்தி, யானை துரத்தி வேலை செய்கிறவர்கள். 2021 அக்டோபரில் டி-23 என்ற புலியைச் சுட்டுக் கொல்லாமல் உயிரோடு பிடித்ததற்கு இவர்களின் கண்களும் கால்களும் முக்கியக் காரணம். நாடே பாராட்டியது. இவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஊழியர்கள். ஒரு காட்டுயிர் அறக்கட்டளை ட்ரோன் வாங்கித் தரும், ஜாக்கெட் வாங்கித் தரும். நிரந்தர வேலை, காப்பீடு, விழுந்து கால் உடைந்தால் வீட்டில் அடுப்பு எரிய வழி ஆகியவற்றுக்காக வாதாடும் ஒரு தொழிற்சங்க வழக்கறிஞருக்குப் பணம் தராது. அது 'அரசியல்' என்று பெயர் வாங்கிவிடுகிறது. சமூக நீதியையும் காட்டுயிரையும் ஒன்றாகத் தன் பெயரில் எழுதிக்கொண்ட அறக்கட்டளை, வேறெதையும் செய்யாமல் இந்த ஒரு கூலியை மட்டும் சரிசெய்தாலே அது தன் பெயருக்கு நியாயம் செய்ததாகும் என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

இரண்டு கணக்கும் ஒன்றாகிப் பார்த்த இடம் ஒன்று உண்டு: உண்ணிச்செடி யானைகள். பூவுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த லாண்டானா, அதாவது உண்ணிச்செடி, இன்று முதுமலையின் புல்லையும் குறுஞ்செடியையும் மூடி வளர்ந்து மானுக்கும் யானைக்கும் தீவனம் இல்லாமல் செய்கிறது. அதை வெட்டி, தண்டை வேகவைத்துத் தோலுரித்து வளைத்து, இரும்புச் சட்டத்தின்மேல் கட்டி, ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைக் கூடலூர்ப் பக்கத்துப் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்கள் நேரில் அறிந்த ஒரு யானையின் உருவம். எலிஃபன்ட் ஃபேமிலி என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளையின் முயற்சியில் அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி ஊர் ஊராகப் போயின. களை அகல்கிறது, கூலி கிடைக்கிறது, யானையைப் பற்றிப் பேசும் உரிமை அதன் பக்கத்தில் வாழ்பவர் கைக்கு வருகிறது. யானை செய்யும் ஒரு பணியர் பெண் என்னிடம், "என் கையில் இருப்பது எந்த யானை என்று எனக்குத் தெரியும் தங்கச்சி. இடது காதில் கிழிசல் உள்ளது. எங்கள் வாழையைத் தின்றது இதுதான்" என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை. அந்த மாதம் அவருக்குச் சம்பளம் வந்திருந்தது. இதை நான் சாதாரண விவரமாக நினைக்கவில்லை.

நீண்ட காலப் பணம் என்ன செய்யும் என்பதற்குக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை சாட்சி. அதை உருவாக்கிய அக்கார்டு என்ற தன்னார்வ அமைப்பு 1985இல் தொடங்கியது நில உரிமைக்காக. மறு ஆண்டு ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் சுமார் 10,000 ஆதிவாசிகள் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதுவரை கடைவீதியில் தலைகுனிந்து நடந்தவர்கள் அன்று நடுச்சாலையில் நடந்தார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நிலத்துக்கென்று ஆரம்பித்த வேலை, பிரசவத்தில் தாய்மார்கள் சாவதைக் கண்டு நலவாழ்வின் பக்கம் திரும்பியது. 1990இல் மருத்துவமனை வந்தது, 1992இல் ஆதிவாசிகளுக்கான காப்பீட்டுத் திட்டம் வந்தது, ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயின்று அங்கே வேலை செய்தார்கள். 'நில உரிமைக்குத்தானே கொடுத்தோம், ஏன் பிரசவம் பார்க்கிறீர்கள்' என்று எல்லாப் பக்கமும் கேட்டிருந்தால் அந்த மருத்துவமனை எழுந்திருக்காது. இன்றைய மூன்றாண்டுத் திட்டங்களில் முதல் ஆண்டு ஆய்வுக்குப் போகிறது, மூன்றாம் ஆண்டு முடிவறிக்கைக்குப் போகிறது. நடுவில் இருக்கும் ஓராண்டில் ஒரு குடியிருப்பின் நம்பிக்கையைப் பெற முடியாது.

பணம் வரும் வழியும் குறுகிவிட்டது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. எல்லோரும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. பெரிய அமைப்புகள் சமாளித்துக்கொண்டன. அவர்கள் வழியாக ஆண்டுக்கு ஒரு சிறு தொகை பெற்று வந்த எங்களைப் போன்ற கிராமக் குழுக்களுக்கு அந்தக் கதவு மூடியது. உள்நாட்டில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு இருக்கிறது. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். காட்டுயிரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பெயர்ப்பலகை மாட்டக்கூடிய வேலைகளுக்கே அந்தப் பணம் எளிதாக இறங்குகிறது. வன உரிமை மனுவுக்கு வரைபடம் போட்டுத் தருபவருக்குச் சம்பளம் கேட்டால், எதிரில் இருப்பவர் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்கிறார்.

இதைப் படிப்பவர்களில் கோவையிலோ சென்னையிலோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக் குழுக்களில் இருப்பவர்கள் உண்டு என்று தெரிந்தே எழுதுகிறேன். குடும்பச் சொத்திலிருந்து அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்களும் இருப்பீர்கள். கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பத்தாண்டு இருப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். புலிக்கும் பெண்ணுக்கும் ஒரே வரவு செலவுத் திட்டம், ஒரே அதிகாரி. பணத்தை எதற்குச் செலவழிக்கக் கூடாது என்று சொல்லும் உரிமையை அந்தக் குடியிருப்பின் கிராம சபைக்குக் கொடுங்கள். சூரிய மின்வேலி வேண்டாம், அது யானையைப் பக்கத்துப் பாடியின், அதாவது அடுத்த ஆதிவாசிக் குடியிருப்பின், மேல் தள்ளிவிடும் என்று அவர்கள் சொன்னால் கேளுங்கள். அவர்கள் அதை அனுபவத்தில் சொல்கிறார்கள்.

பார்க்க வருவதானால் ஜூலையில் வாருங்கள். தென்மேற்குப் பருவமழையில் தேவாலாவிலும் பந்தலூரிலும் பாதைகள் எப்படி இருக்கின்றன, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். வரும்போது வனச்சரகரையும் வருவாய்த் துறையின் நில அளவையரையும் ஒரே நாளில், ஒரே குடியிருப்பில் வந்து உட்காரச் சொல்லி நீங்கள் கடிதம் எழுதுங்கள். உங்கள் கடிதத்துக்கு அவர்கள் வருவார்கள். எங்கள் அழைப்புக்கு இருவரும் ஒரே நாளில் வந்ததில்லை.